சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு பூநாரைக் கரை: கும்மிடிப்பூண்டி சுற்றுவட்டாரத்தில் எந்த மாதம் எங்கே போகலாம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் அப்பா 27 வருடம் வேலை பார்த்தார். மூன்று ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்து காலையில் வீட்டுக்கு வரும்போது சட்டையில் இரும்பு வாசனை அடிக்கும். பள்ளி விடுமுறையில் "எங்கயாவது கூட்டிட்டுப் போப்பா" என்று நச்சரித்தால் ஒரே பதில்தான் வரும். "இந்த ஊர்ல லாரியும் புகையும் தவிர இன்னாம்மா இருக்குது? காசு சேத்து ஊட்டிக்குப் போலாம்."

ஊட்டிக்கு ஒரே ஒருமுறை போனோம். பக்கத்திலேயே இருக்கும் பழவேற்காடு ஏரியை, வேலையில் இருந்த வரைக்கும் அவர் பார்த்ததே இல்லை.

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டிப்ளமோ படிக்கும்போது தோழிகளோடு நான் முதல்முறை பழவேற்காடு போனது ஒரு மே மாதம். கரையோரமெல்லாம் வெடித்த சேறு, முகத்தில் அறையும் அனல் காற்று, சீமைக்கருவேல முள். பூநாரை ஒன்றுகூட இல்லை. மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். "இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்று ஒருத்தி இன்னமும் கிண்டல் செய்வாள்.

தப்பு ஏரி மேல் இல்லை, நாங்கள் போன மாதத்தில். மலைவாசஸ்தலம் வருடம் முழுக்க ஏதாவது ஒன்றைக் காட்டிவிடும். திருவள்ளூர் மாவட்டம் அப்படியில்லை. இங்கே எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பி நடக்கிறது. சில வாரம் முந்திப் போனாலும் பிந்திப் போனாலும் வெறும் பொட்டல்தான் தெரியும். அதனால் இடத்தோடு சேர்த்து மாதத்தையும் சொல்லிவிடுகிறேன்.

வேலியில் எரியும் பூ

ஐப்பசி மழை நாலு நாள் நின்று பெய்ததும் கிராமத்துச் சாலையோர வேலிகளைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே உள்ளே போகும் சாலைகளில், கள்ளியும் முள்ளும் பின்னிக் கிடக்கும் இடத்தில், நெருப்புக் கொழுந்து மாதிரி ஒரு பூ தலைகீழாகத் தொங்கும். செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருப்போம். நேரில் பார்த்தவர்கள் என் அலுவலகத்தில் இரண்டே பேர்தான்.

விரியும்போது இதழ் பச்சை, பிறகு மஞ்சள், கடைசியில் ரத்தச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்ளும். கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் பெயர். கிழங்குக்கு கண்வலிக்கிழங்கு என்று பெயர். செடி முழுக்க விஷம். கிழங்கு கொஞ்சம் உள்ளே போனாலும் உயிருக்கே ஆபத்து. குழந்தைகளோடு போகிறவர்கள் எட்ட நின்று போட்டோ எடுத்துக்கொண்டால் போதும்.

அப்படியே தேர்வாய்கண்டிகைப் பக்கம் போகலாம். அங்கே சிப்காட் வந்தபோது, 'இது எங்கள் மேய்ச்சல் காடு' என்று ஊர்க்காரர்கள் போராடினார்கள். காடு போய் தொழிற்சாலைகள் வந்தன. பக்கத்திலேயே இரண்டு ஏரிகளை இணைத்து, சென்னைக் குடிநீருக்காகக் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். கொள்ளளவு அரை டி.எம்.சி. இந்தச் சுற்றுவட்டாரத்தில் மழை முடிந்த மாதங்களில் சின்னச் சின்னக் குளம் குட்டைகளில்கூட அல்லி நிறைந்து கிடக்கும். வெள்ளை அல்லி இரவுக்காரி. சாயங்காலம் விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். பதினோரு மணிக்கு எழுந்து கிளம்பினால் மூடிய மொட்டைத்தான் பார்க்க முடியும்.

அப்பா பார்த்த இளஞ்சிவப்பு

போன ஜனவரியில், ஓய்வு பெற்று வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பாவை வலுக்கட்டாயமாகக் கிளப்பினேன். பழவேற்காடு ஊருக்குள் போகாமல், ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரிக்குப் போனோம். காலை ஏழு மணி இருக்கும். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. தூரத்தில் தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு கோடு.

"உப்பளமா அது?" என்றார் அப்பா.

கடன் வாங்கிக்கொண்டு போயிருந்த பைனாகுலரைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அந்தக் கோடு அசைந்தது. ஒரு கூட்டம் எழும்பியபோது, இறக்கைக்கு அடியில் மறைந்திருந்த சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரிந்தன. "இத்தினி வருசமா இதுங்க இங்கதான் வருதா?" என்று மட்டும் கேட்டார்.

ஆமாம், இங்கேதான். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குப் பகுதி நம் மாவட்டத்தில். தமிழ்நாட்டுப் பகுதி 1980-லேயே பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. ஆரணியாறும் காளங்கியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. இரண்டும் கலக்கும் இடத்தில் இறாலும் பாசியும் பெருகும். மழை வெள்ளம் வடிந்து தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் பூநாரைகள் வந்து நிற்கும். வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றையும் தண்ணீரையும் வெளியே தள்ளி, தீனியை மட்டும் சலித்து எடுக்கும். அவை தின்னும் பாசியிலும் சின்ன இறால் வகைகளிலும் இருக்கும் நிறமிதான் இறகில் ஏறுகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம்தான். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை போனால் பார்க்க வாய்ப்பு அதிகம்.

எல்லோரும் பறவையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் குனிந்து காலடியையும் பாருங்கள். ஏரிக்கரைச் சேற்றில் முழங்காலுக்குக் கீழே, சதைப்பிடிப்பான குட்டி இலைகளோடு ஒரு செடி படர்ந்திருக்கும். உமரி. வேறு எந்தச் செடியும் கருகிப்போகும் உப்பில் இது வாழும். கிள்ளி வாயில் போட்டால் உப்புக் கரிக்கும். கீரையாகவும் சமைப்பார்கள். மழை முடிந்ததும் பச்சையாக இருக்கும். மாசி, பங்குனியில் வெயில் ஏறி மண்ணில் உப்பு கூடக் கூட, அதே செடி செம்பருத்தி நிறத்துக்கு மாறும். கரை முழுக்கச் சிவப்பு ஜமக்காளம் விரித்த மாதிரி. நான் பார்த்த வரையில் இந்த மாவட்டத்தின் அழகான காட்சி அதுதான், பூநாரையைவிடவும். அலுவலகத்தில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "வெளிய இருந்து வர்றவங்க இத சும்மா கெடக்குற எடம்னு சொல்றாங்க கண்ணு. எங்களுக்கு இங்கதான் சோறு" என்றார். சேறும் உமரியும் படிந்த இந்த நிலம் தூரத்திலிருந்து பார்க்கும் யாருக்கும் தரிசு மாதிரிதான் தெரியும். நானும் அந்த மே மாதம் அப்படித்தானே பார்த்தேன்! ஏரிக்குத் தெற்கே இருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கத் திட்டத்தை மீனவ கிராமங்கள் வருடக்கணக்காக எதிர்ப்பதும் இதனால்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல் திட்டைக் கடல் அரித்துவிட்டால் ஏரியே மிஞ்சாது என்பது அவர்கள் பயம். முகத்துவாரம் மணல் மூடினாலும் ஏரிக்குக் கேடுதான். கடல் தண்ணீரும் வராது, இறால் குஞ்சும் வராது.

ஒரு முக்கியமான விஷயம். மீன்பிடிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்துபோனார்கள். யாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. பறவையைக் கரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். நேரம் மிச்சமிருந்தால் ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தையும் எட்டிப் பாருங்கள். அவர்கள் இங்கே கோட்டை கட்டியது 1613-ல். கல்லறை வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் இருக்கிறது. குழந்தைகள் அதைவிட்டு நகரமாட்டார்கள்.

வெயிலுக்கு முன் பூண்டி

மாவட்டத்தின் இன்னொரு மூலையில், கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம். 1944-ல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்று பாடுபட்டு, முடிவதற்கு முன்பே இறந்துபோன மேயர் சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் நிறைந்திருக்கும் தை மாதம் போனால் கூழைக்கடாக்களும் இருக்கும்.

பூண்டியிலிருந்து உள்ளே அல்லிக்குழி மலைக்காட்டில் குடியம் குகை. கூழாங்கல் பதித்த மாதிரி இருக்கும் பிரம்மாண்டமான பாறைக்குடை. ஆதிமனிதன் ஒதுங்கிய இடம். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கல் ஆயுதங்களைக் கண்டெடுத்தார். அங்கே கிடைத்தவற்றில் சில சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-ல் வந்த ஆய்வு சொன்னது. குகைக்குப் போகும் வழி முழுக்கக் களாவும் காரையும் சூரைமுள்ளும் மண்டிய புதர்க்காடு. நீளமான நடை, வழியில் தண்ணீர் கிடையாது. பிப்ரவரிக்குள் போய்விடுவது நல்லது. காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கோடை. எங்கும் போக வேண்டாம். மார்ச் கடைசியில் புங்கை மரத்தடியில் பூ கொட்டிக் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் சரக்கொன்றை மஞ்சளாகச் சரம் சரமாகத் தொங்கும், சிப்காட் சாலையிலேயே. நெடுஞ்சாலை ஓரம் நுங்கு வெட்டுகிறவர்களிடம் நின்று வாங்குங்கள். விலை பேசாதீர்கள், ப்ளீஸ்.

போகும் வழி: பழவேற்காட்டுக்கு, சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்பேட்டை மின்சார ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது. பூண்டிக்குத் திருவள்ளூரில் இறங்க வேண்டும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். கரையில் நிழல் கிடையாது.

அப்பா இப்போது பழைய ஷிஃப்ட் நண்பர்களுக்கு அண்ணாமலைச்சேரி வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் என்னிடம் கேட்டார்: "அந்த வேலிப் பூ எப்பம்மா வரும்? ஐப்பசியா? லீவு போட்டு வை."