வீட்டிலிருக்க முடியாதவர்கள்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது ஜொகூர் பாலமே வெறிச்சோடியது. எல்லாருக்கும் ஒரே அறிவுரை: வீட்டிலேயே இருங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களால் மட்டும் அப்படி இருக்க முடியவில்லை.

வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். தவணை தவறினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். உடலில் தேங்கும் நீர் நுரையீரலில் சேர்ந்தால் மூச்சு முட்டும்.

அதே மாதம் 27-ஆம் தேதி, குளுவாங் மாவட்டம் சிம்பாங் ரெங்கத்தில் இரண்டு குடியிருப்புகள் முற்றாக அடைக்கப்பட்டன. நாட்டில் அதுவே முதல்முறை. அத்தகைய அடைப்புக்குள் இருக்கும் ஒருவருக்கு மறுநாள் டயாலிசிஸ் என்றால்? கிருமி தொற்றியிருக்கலாம் என்று அவரைத் திருப்பி அனுப்பவா முடியும்?

உலகெங்கும் சிகிச்சைக் குழுக்கள் கண்ட வழி சொல்வதற்கு எளிது, செய்வதுதான் பாடு. வாசலிலேயே காய்ச்சல் சோதனை. சந்தேகத்திற்குரியவருக்குத் தனியறை, அறை இல்லையென்றால் அன்றைய கடைசி வேளை. பிறகு நாற்காலி முதல் இயந்திரம் வரை கிருமிநாசினியால் துடைக்க வேண்டும்.

ஒரு மீட்டர் இடைவெளி என்றார்கள். நோயாளியின் கையில் ஊசி ஏற்றும் தாதிக்கு ஏது ஒரு மீட்டர்? ஊசி ஏற்ற, எடுக்க, இடையிடையே இரத்த அழுத்தம் பார்க்க என்று அவர் நெருங்கியே ஆகவேண்டும்.

காய்ச்சல் கண்டால், மையத்தில் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து பேசாமல் தவணையை விட்டுவிடச் சிலருக்குத் தோன்றும். அதுதான் பெரிய ஆபத்து. கிளம்புமுன் மையத்திற்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். உங்களைத் தனியே அமர்த்த அவர்கள் ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும்.