பாங்காக்கில் ஒரு மார்கழி

தாய்லாந்தின் தலைநகரை உலகம் பாங்காக் என்கிறது. அந்நாட்டு மக்களோ அதனைக் 'குருங் தேப்' என்றே அழைக்கின்றனர். தேவர்களின் நகரம் என்பது பொருள். இதுவும் சுருக்கப் பெயர்தான். முழுப் பெயர் ஒரு ஸ்தோத்திரத்தைப் போல நீண்டு, இந்திரன் அளிக்க விசுவகர்மா சமைத்த நகரம் என்று முடிகிறது. 1782இல் முதலாம் ராமர் என்னும் அரசர் இதனைத் தலைநகராக்கினார். இன்று ஆள்பவர் பத்தாம் ராமர்.

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இந்நகருக்கு நம்மவர்கள் ஆண்டுதோறும் திரளாகச் செல்கின்றனர். மூன்று நாள் சுற்றுலாவில் கடைவீதி ஒரு நாள், கடற்கரை ஒரு நாள், படகுச் சவாரி ஒரு நாள் என்று முடிந்துவிடுகிறது. அதில் குறைசொல்ல ஏதுமில்லை. ஆயினும் மார்கழியில் செல்பவர்கள் ஒரு மாலைப் பொழுதையாவது நகரின் பழைய பகுதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் அரண்மனை வளாகத்திலுள்ள மரகத புத்தர் ஆலயம். அதன் பிராகாரச் சுவர்களில் 'ராமகியன்' என்னும் தாய் இராமாயணம் 178 ஓவியங்களாக விரிகிறது. இராமன் அங்கே 'பிர ராம்'. இராவணன் 'தோசகன்', அதாவது தசகண்டன். ஓவியங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்த என் மனைவி ஓரிடத்தில் நின்றுவிட்டார். பேருருவெடுத்த வெள்ளை அனுமன், இராமபிரான் துயிலும் மண்டபத்தையே தன் வாய்க்குள் அடக்கிக் காவல் புரிகிறார். பாதாளத்திலிருந்து வரும் மாயாவியின் பெயர் மையராப். நம் பாட்டிமார் சொன்ன மயில்ராவணன் அல்லவா இவன்! வான்மீகத்திலும் கம்பனிலும் இல்லாத கதை. நம் கதையில் அனுமன் தன் வாலையே கோட்டையாக்கிச் சுற்றி வளைத்தான். அங்கே வாயைக் கோட்டையாக்கிவிட்டான். கதை கடல் கடந்திருக்கிறது. காவல் முறை மட்டும் ஊருக்கேற்ப மாறியிருக்கிறது.

அரண்மனை வாசலில் ஒரு எச்சரிக்கை தேவை. "இன்று உள்ளே அனுமதி இல்லை, வேறு கோயிலுக்கு அழைத்துச் செல்கிறேன்" என்று கனிவாகப் பேசி, ரத்தினக் கடைகளுக்குக் கூட்டிச் செல்லும் ஆட்டோக்காரர்கள் உண்டு. நேரே நுழைவாயிலுக்குச் சென்று விசாரிப்பதே சரி. தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். நம் புடவைக்கும் வேட்டிக்கும் சிக்கல் ஏதுமில்லை.

இனி, நாங்கள் எதற்காகச் சென்றோமோ அந்த இடம். சாம் யோட் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், சாலை நடுவே செந்நிறத்தில் இரு பெருந்தூண்கள் வானளாவி நிற்கின்றன. மேலே குறுக்கு விட்டம். ஊஞ்சல் பலகை இல்லை. இதுவே 'சாவ் சிங் சா' எனப்படும் பெரிய ஊஞ்சல். முதலில் அமைக்கப்பட்டது 1784இல். இன்று நாம் காண்பது, தேக்கு மரங்களைக் கொண்டு 2007இல் புதுப்பிக்கப்பட்டது. முற்காலத்தில் திருவிழாவின்போது இளைஞர்கள் பலகையில் நின்று வீசி ஆடி, உயரத்தில் மூங்கிலில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வுவார்களாம். பூவுலகுக்கு எழுந்தருளும் சிவபெருமானை வரவேற்கும் விழா அது. அந்த ஆட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது.

விழாவின் பெயர்தான் நம்மைத் திடுக்கிட வைப்பது: 'த்ரியம்பவாய்', அதனைத் தொடர்ந்து 'த்ரிபவாய்'. திருவெம்பாவையும் திருப்பாவையும் தாய் நாவில் அப்படி ஆகியிருக்கின்றன. முன்னது சிவனுக்கு, பின்னது திருமாலுக்கு. காஞ்சி மகா பெரியவர் தம் அருளுரையில் இதனை எடுத்துச் சொல்லியிருப்பது இவ்விதழின் அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கலாம்.

ஊஞ்சல் நின்றுவிட்டாலும் விழா நிற்கவில்லை. அருகிலேயே 'தேவஸ்தான்' என்னும் அந்தணர் கோயில் இருக்கிறது. 1784இல் எழுந்த சிறு வளாகம். சிவனுக்கும் விநாயகருக்கும் திருமாலுக்கும் தனித்தனிச் சந்நிதிகள். வெள்ளாடை அணிந்து, குடுமியை முடிந்த அரசவை அந்தணர்கள் வழிபாடு நடத்துகின்றனர். மாலையில் நாங்கள் பின்வரிசையில் தரையில் அமர்ந்தோம். சுற்றிலும் வெண்ணிற உடையில் தாய்லாந்து மக்கள் கைகூப்பி இருந்தனர். ஓதல் தொடங்கியது. நீட்டி, இழுத்து, ஏறக்குறைய ஒரே சுருதியில் செல்லும் ஓதல். செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

அதில் வியப்பில்லை. இவ்வந்தணர்கள் ஓதுவது நம் கிரந்தத்திலிருந்து கிளைத்த எழுத்தில் எழுதிய சுவடிகளைக் கொண்டு. அவற்றில் சைவத் திருமுறைப் பாடல்கள் இருப்பதைத் தமிழறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கின்றனர். ஓதுபவர்களுக்கோ தமிழ் தெரியாது, பொருளும் தெரியாது. பழைய பேரேட்டை மொழியறியாத எழுத்தர் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுத்தால் என்ன ஆகுமோ அதுவே ஆகியிருக்கிறது: எழுத்து திரியும், ஓசை மாறும். ஆனால் ஒரு பக்கத்தையும் கிழித்தெறியவில்லை. பொருள் விளங்காத ஒன்றை இத்தனை காலம் ஆண்டு தவறாமல் ஓதி வருவதை எந்தக் கணக்கில் வைப்பது? எங்கள் வீட்டில் உரையோடு கூடிய திருவாசகம் மூன்று பதிப்புகள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்குத் திருவெம்பாவையில் முதல் பாட்டு மட்டுமே தெரியும்.

விழாவின் நிறைவில் தெய்வத் திருமேனிகளை அன்ன வடிவ ஊஞ்சலில் எழுந்தருளச் செய்து, மெல்ல ஆட்டுகிறார்கள். வெளியே பெரிய ஊஞ்சல் பலகையின்றி நிற்க, உள்ளே இச்சிறிய ஊஞ்சல் ஆடுகிறது. திருவெம்பாவை பாடிய மணிவாசகரே திருப்பொன்னூசலும் பாடியவர் என்பதை மனைவி என் காதில் சொன்னார். அதற்குமேல் இருவருக்கும் பேசத் தோன்றவில்லை.

இவை 'எல்லாம் நம்முடையவை' என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வாங்கியவர்கள் தம் வழியில் போற்றி, தமதாக்கிக்கொண்டார்கள். சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலிலும் இதையே கண்டோம். கோபுரம் நம் பாணி, பூசையும் நம் முறை. செவ்வந்தி மாலையும் இளநீரும் ஏந்தி வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். நவராத்திரி நிறைவில் அம்மன் வீதியுலா வரும்போது சாலை முழுதும் அவர்களே நிற்பார்கள். ராட்சப்ரசோங் சந்திப்பிலுள்ள நான்முகன் சந்நிதியையும் போகிற வழியில் தரிசிக்கலாம். 1956இல் ஒரு தங்கும் விடுதி கட்டும்போது நேர்ந்த தடைகள் நீங்க அமைத்தது. பிரமனுக்குக் கோயில் அரிதான நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு அங்குள்ள கூட்டம் வியப்பளிக்கும்.

உணவைப் பற்றி அஞ்ச வேண்டாம். மஞ்சள் நிறத்தில் 'ஜே' என்று தாய் எழுத்தில் எழுதிய பலகை உள்ள கடைகளில் புலால் மட்டுமன்றி வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. சைவ உணவுக்கு அவர்களிடம் இன்னொரு சொல்லும் உண்டு: 'மங்சவிரட்'. மாம்ச விரதி என்பதன் திரிபு. அந்தச் சொல்லைச் சொன்னதும் சாலையோரக் கடைக்காரப் பெண்மணி மீன் சாற்றுப் புட்டியை ஒதுக்கி வைத்துவிட்டார்.

தேவஸ்தான் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. த்ரியம்பவாய் விழாவின் நாளும் தாய் நாட்டுச் சந்திரமானக் கணக்கின்படி ஆண்டுதோறும் மாறும். நம் திருவாதிரையை ஒட்டி வருவதே பெரும்பான்மை. இரண்டையும் விசாரித்து உறுதி செய்துகொண்ட பிறகு விமானச் சீட்டு எடுப்பது நல்லது.