மூளையின் ‘போதும்’ குரலும் முதியோர் உறக்கமும்

அறுபதைக் கடந்தவர்களிடம் உறக்கம் பற்றிக் கேட்டால், பலரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். எட்டு மணிக்கே கண் சொக்குகிறது. இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. பிறகு விடியும்வரை புரண்டு படுப்பதுதான். ‘கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து இதற்குக் கைகொடுக்குமாமே?’ என்று கேட்போரும் இப்போது உண்டு. இதற்கு விடை காண, நம் மூளைக்குள்ளேயே உள்ள ஓர் ஏற்பாட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பூட்டும் சாவியும்

1964-இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரஃபேல் மெஷூலம், யெஹியேல் காவோனி ஆகிய இருவரும் கஞ்சாவில் போதை தரும் பொருளைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். டி.எச்.சி. என்பது அதன் சுருக்கப் பெயர். 1988-இல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டெவேனும், அப்பொருள் வந்து பொருந்தும் ஏற்பிகள் எலியின் மூளையில் இருப்பதைக் காட்டினர்.

எங்கோ வளரும் ஒரு செடிக்காகவா மூளை இந்தப் பூட்டைச் செய்து வைத்திருக்கும்? உடலுக்குச் சொந்தமான சாவி ஒன்று இருந்தே தீரவேண்டும். 1992-இல் ஜெருசலேமில் மெஷூலம் குழுவினர் பன்றியின் மூளையிலிருந்து அச்சாவியைப் பிரித்தெடுத்தனர். நாம் அறிந்த ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தனர். 1995-இல் 2-ஏ.ஜி. என்னும் மற்றொரு சாவியும் வெளிப்பட்டது. இச்சாவிகள், இவற்றின் ஏற்பிகள், இவற்றை ஆக்கிச் சிதைக்கும் நொதிகள் எல்லாம் சேர்ந்ததே அகக் கன்னாபினாய்டு அமைப்பு.

இதன் வேலை யாது?

மாடித் தொட்டி நிரம்பியதும், மேலே நிற்பவர் கீழே மோட்டார் அருகில் இருப்பவருக்கு ‘போதும், நிறுத்து’ என்று குரல் கொடுப்பார். நரம்புச் செல்களிடையே நடப்பதும் ஏறக்குறைய இதுவே. ஒரு செல் அடுத்த செல்லுக்கு வேதிப்பொருள் மூலம் செய்தி அனுப்புகிறது. செய்தி மிகும்போது, பெறுகின்ற செல் தன் சவ்விலுள்ள கொழுப்பிலிருந்து 2-ஏ.ஜி.யை அப்போதைக்கப்போது ஆக்கிப் பின்னோக்கி அனுப்புகிறது. உடனே செய்தி வருவது தணிகிறது. இயற்பியலில் இதனை எதிர்ப்பின்னூட்டம் என்போம். வேலை முடிந்ததும் நொதிகள் அப்பொருளைச் சிதைத்துவிடுகின்றன. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவு: இதுவே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

உறக்கத்திலும் இதற்குப் பங்கு உண்டு. எலிகளுக்கு ஆனந்தமைடு செலுத்தியபோது உறக்கம் மிகுந்தது. சுண்டெலிகளில் ஏற்பிகளைத் தடுத்தபோது உறக்கம் துண்டு துண்டானது. மனித இரத்தத்தில் 2-ஏ.ஜி. நள்ளுறக்கத்தில் மிகக் குறைந்தும், பிற்பகலில் மிக உயர்ந்தும் காணப்படுகிறது. ஆம், இதற்கும் ஒரு கடிகாரம் உண்டு!

முதுமையில் என்ன நேர்கிறது?

வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. உடலின் கடிகாரம் முன்னதாக ஓடுகிறது. முதிய சுண்டெலிகளின் மூளையில் 2-ஏ.ஜி. குறைந்திருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். அப்படியானால், குறைந்ததை வெளியிலிருந்து நிரப்பிவிடலாமே?

அங்கேதான் சிக்கல். டி.எச்.சி. உட்கொள்வது, தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துப் ‘போதும்’ என்று கத்துவதற்கு ஒப்பாகும். நிரம்பாத தொட்டிகளின் மோட்டார்களும் நின்றுபோகும். முதலில் உறக்கம் விரைந்து வரலாம். நாள்தோறும் உட்கொண்டால் ஏற்பிகள் குறைந்து, மேலும் மேலும் அளவு தேவைப்படும். நிறுத்தினாலோ, உறக்கமின்மை திரும்பிவரும். கனவுகளும் தொல்லை தரும். முதியோருக்குத் தலைசுற்றி விழும் ஆபத்து வேறு. தூக்க மாத்திரைகள் பலவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. இரவில் எழுந்து நடக்கையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதன்பின் படுக்கையே கதியாகிவிடலாம்.

எனவே உடலின் கடிகாரத்தைச் சீர்செய்வதே நல்வழி. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், பகல் வெளிச்சத்தில் நடத்தல், பகலுறக்கத்தைச் சுருக்குதல், பிற்பகலுக்குப் பின் காப்பியைத் தவிர்த்தல், உறக்கம் வராதபோது படுக்கையில் புரளாமல் எழுந்து அமர்தல் ஆகியவை செலவில்லாதவை. பலத்த குறட்டையோடு மூச்சுத் தடைபட்டாலோ, வலியோ சிறுநீர்த் தொல்லையோ எழுப்பினாலோ, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘வயதானால் அப்படித்தான்’ என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அறுபத்தைந்துக்கு மேலும் இரவில் ஏழெட்டு மணி நேர உறக்கம் தேவையே.