ஹைபிரிட் காருக்குப் பெரிய வீல் போடலாமா?

ஹைபிரிட் கிராண்ட் விட்டாராவோ ஹைரைடரோ எடுத்து ஆறு மாதம் ஆனதும் பலருக்கு ஓர் ஆசை தலைகாட்டும். 17 இஞ்ச் வீலைக் கழற்றிவிட்டு 18 இஞ்ச் அலாய் போட்டால் வண்டி எடுப்பாக இருக்குமே என்று. எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் பெட்ரோல் காரைவிடக் கூடுதல் பணம் கொடுத்து ஹைபிரிட்டை வாங்கியது எடுப்புக்காக அல்ல, மைலேஜுக்காக. அந்த மைலேஜில் டயருக்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் டயரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுவோம். இந்த இரண்டு கார்களின் ஹைபிரிட் வகைக்கும் கம்பெனி கொடுப்பது 215/60 R17. டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 60 சதவீதம், அதாவது 129 மி.மீ., ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் உள்ள ரப்பரின் உயரம். 17 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். எல்லாம் சேர்த்தால் முழுச் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 690 மி.மீ. வருகிறது.

இதை 18 ஆக்கும்போது 215/55 R18 போட்டால் முழு விட்டம் 694 மி.மீ. கிட்டத்தட்ட பழைய அளவுதான். ஆனால் ரப்பரின் உயரம் 129-லிருந்து 118 மி.மீ. ஆகக் குறைந்துவிடும். ஒரேயடியாக 19-க்குப் போய் 225/45 R19 போட்டால் 101 மி.மீ.தான் மிஞ்சும். 'மாட்டுவண்டிச் சக்கரம் பெரிதாக இருப்பதால்தானே பள்ளத்தில் விழாமல் ஏறிப் போகிறது, காருக்கும் அப்படித்தானே?' என்று கேட்பவர்கள் உண்டு. மாட்டுவண்டியில் பெரிதாக இருப்பது முழுச் சக்கரம். இங்கே முழுச் சக்கரம் அப்படியே இருக்க, உள்ளே இரும்போ அலுமினியமோ பெருத்து, வெளியே ரப்பர் மெலிகிறது. பள்ளத்தைத் தாங்குவது ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும்தான்.

சரி, மைலேஜ் என்ன ஆகும்? இதற்குக் கையில் கிடைக்கும் நல்ல சான்று டொயோட்டா பிரியஸ். 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்து ஹைபிரிட் என்பதையே உலகத்துக்குப் பழக்கிய கார் அது. அதன் 2023 மாடலில், முன்சக்கர இழுவை வண்டி ஒரே எஞ்சின், ஒரே மோட்டாரோடு இரண்டு வீல் அளவில் வந்தது. அடிப்படை வகைக்கு 17 இஞ்ச், மேல் வகைக்கு 19 இஞ்ச். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொடுத்த கணக்கில் முதலாவது காலனுக்கு 57 மைல், இரண்டாவது 52 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 24.2 கி.மீ. என்பது 22.1 ஆகிறது. ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. மேல் வகையில் வசதிகள் கூடுவதால் வண்டியின் எடையும் கொஞ்சம் கூடும். அதனால் முழுப் பழியையும் வீல் மேல் போட முடியாது. ஆனாலும் பெரும்பங்கு அதற்குத்தான். இத்தனைக்கும் டொயோட்டா அந்த 19 இஞ்சுக்கு டயரை அகலமாக்கவில்லை. இரண்டுக்கும் 195 மி.மீ.தான். நம்மூர்க் கடைகளில் 18 கேட்டால் கூடவே 225, 235 என்று அகலத்தையும் ஏற்றிக் கொடுப்பார்கள். அகலம் கூடினால் காற்றின் எதிர்ப்பும் கூடும்.

எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டின் தனித்தன்மை புரிந்தால் காரணமும் புரியும். பெரிய வீல் பொதுவாக எடை கூடியது. ஒரு சக்கரத்துக்கு இரண்டு மூன்று கிலோ கூடுவது சாதாரணம். சுழலும் பொருளின் ஓரத்தில் ஏறும் எடையை உருட்டவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும் என்பதால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுமையாகத் தெரியும். ஆனால் இந்தச் செலவில் ஒரு பகுதி ஹைபிரிட்டில் திரும்பி வரும். பிரேக்கை மிதிக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓடும் வண்டியின் ஆற்றலைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்புகிறது அல்லவா, அதில் இதுவும் அடங்கும். கிராண்ட் விட்டாராவின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி மட்டுமே என்பதால் கணக்கில்லாமல் சேமிக்க முடியாது, அவ்வளவுதான்.

திரும்பி வராதது இன்னொன்று. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி, விரிந்து, சூடாகிறது. அந்தச் சூடு காற்றோடு போய்விடும்; எந்த மோட்டாராலும் அதைப் பிடிக்க முடியாது. இதைக் குறைப்பதற்காகவே கம்பெனிகள் குறைந்த உருளும் தடை கொண்ட டயரைத் தேர்ந்தெடுத்து மாட்டுகின்றன. கடையில் வீலை மாற்றும்போது நாம் கழற்றிப் போடுவது அந்த டயரைத்தான். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி '18-ஆ, 19-ஆ' என்பதல்ல, 'என்ன டயர்' என்பது. நல்ல டயரோடு ஒரு இஞ்ச் ஏற்றினால் இழப்பு குறைவு. பிடிப்புக்காகவோ வேகத்துக்காகவோ செய்த அகல டயரைப் போட்டால் இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

பாரம் கூடினால் எஞ்சினும் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். ஊருக்குள் சத்தமில்லாமல் மோட்டாரில் நகரும் தூரம் குறையும். ரூபாயில் பார்த்தால், உண்மையில் 22 கி.மீ. கொடுக்கும் வண்டி 8 சதவீதம் இறங்கி, ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் சுமார் 60 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தாலே ஆறாயிரம்.

மைலேஜைக் கணக்குப் போடும்போது ஒரு சின்னக் குழப்பம் வரலாம். 215/55-க்குப் பதில் 225/55 R18 போட்டால் முழு விட்டம் 705 மி.மீ. ஆகும், பழையதைவிட 2 சதவீதம் பெரிது. அப்போது மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102-க்கு அருகில் போகும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே பதிவாகும். உண்மையில் இறங்கியதைவிட அதிகம் இறங்கியதாக மைலேஜ் தோன்றும். முழு விட்டம் ஒரு சதவீதத்துக்கு மேல் மாறாமல் பார்த்துக்கொண்டால் இந்த வில்லங்கம் இல்லை.

இனி நம் சாலைக்கு வருவோம். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ நாலு வழிச் சாலையில் போய் வருகிறவருக்கு 18 இஞ்ச் பெரிய தொந்தரவு தராது. பாளையம்பட்டியில் வீடும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் தோட்டமோ சொந்தபந்தமோ உள்ளவருக்குக் கதை வேறு. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன் மேல் போட்ட தார்ச்சாலை எத்தனை முறை சரி செய்தாலும் அலை அலையாக மடியும். சாலையோர மண் அரித்துப் போய், தாரின் விளிம்பு கத்தி போல் நிற்கும். எதிரே பஸ் வந்தால் இடது பக்கச் சக்கரம் இரண்டும் அந்த விளிம்பிலிருந்து கீழே இறங்கி ஏற வேண்டும். ரப்பர் உயரம் குறைந்த டயர் அங்கே ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். உள்ளே நூல் அறுந்து, டயரின் பக்கவாட்டில் கொழுக்கட்டை போல் வீங்கும். அப்படி வீங்கிய டயரை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். ரிம்மும் நெளியலாம். இதில் சீமைக்கருவேல முள் வேறு. ஓரம் இறங்கும்போது வெட்டிப் போட்ட கிளை பக்கவாட்டில் குத்தினால் எந்தப் பஞ்சர் கடையிலும் உத்தரவாதத்தோடு ஒட்டித் தர மாட்டார்கள். 19 இஞ்ச் டயர் அருப்புக்கோட்டையில் கையிருப்பு இல்லாமல் மதுரையிலிருந்து வரவழைக்கும் நிலையும் வரலாம். அந்தச் சாலையில் அன்றாடம் போகிறவர் 17-லேயே இருந்துவிடுவது நல்லது என்பேன்.

ஆசை விடவில்லை என்றால் ஒரு இஞ்சோடு நிறுத்துங்கள். டயரில் அளவுக்குப் பக்கத்தில் 96H என்பது போல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 96 என்றால் அந்த ஒரு டயர் 710 கிலோ தாங்கும். 215/55 R18 சில கம்பெனிகளில் 95 என்று வரும், அது 690 கிலோ. பழைய எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. போல்ட் வட்டம் 114.3 மி.மீ., ஐந்து போல்ட். நடு ஓட்டையும் ஹப்பும் சரியாகப் பொருந்தாவிட்டால் எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டாம். கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் கேட்க மாட்டார்கள்.

பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தனியாக உண்டு. வீலை மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று டயர் கடையில் சொல்வார்கள். டயர் கடை சொல்வது போதாது. சர்வீஸ் சென்டரில் கேட்டு, பேட்டரியோடு சஸ்பென்ஷனுக்கும் பேரிங்குக்கும் சேர்த்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய நான்கையும் கடைக்காரர் வந்த விலைக்குக் கேட்பார். கொடுக்காமல் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது கம்பெனி வீலைத்தான்.