அம்மா மாத்திரையை நிறுத்திட்டாங்களா? திட்டுறதுக்கு முன்னாடி காரணம் கேளுங்க!

"அம்மா, மாத்திரை போட்டாச்சா?" வெளியூரில் வேலை பார்க்கும் பலர் தினமும் போனில் கேட்கும் கேள்வி இது. "ஆச்சுப்பா" என்று பதிலும் வந்துவிடும். ஆனால், லீவுக்கு ஊருக்குப் போய் டப்பாவைத் திறந்தால், போன மாசம் வாங்கிய அட்டை பாதிகூடக் காலியாகியிருக்காது.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சராசரியாகப் பாதிப் பேர்தான் மருந்தைச் சொன்னபடி எடுக்கிறார்கள் என்கிறது, உலக சுகாதார அமைப்பின் 2003-ம் ஆண்டு அறிக்கை.

மறதி மட்டும்தான் காரணமா?

இல்லை. பெரும்பாலும் ஒரு நியாயமான காரணம் இருக்கும். மெட்ஃபார்மின் போட்டால் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். நீர் பிரியும் மாத்திரை போட்டால் அடிக்கடி பாத்ரூம் போகணும் என்பதால், பஸ்ஸில் போகும் நாளில் விட்டுவிடுவார்கள். "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்துபவர்களும் உண்டு. பிரஷர் ஏறினாலும் பலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல்.

இவற்றில் பலவற்றுக்குத் தீர்வு இருக்கிறது. அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். ஆனால், பிரச்னை டாக்டருக்குத் தெரிந்தால்தானே! டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

பெயர் வேறு, மருந்து ஒன்று

டெல்மிசார்ட்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து பல பிராண்டு பெயர்களில் விற்கிறது. இரண்டு டாக்டர்களிடம் காட்டினால், இரண்டு சீட்டிலும் அதே மருந்து வேறு பெயரில் இருக்கக்கூடும். எனவே, அட்டையில் பிராண்டு பெயரோடு மருந்தின் பெயரையும் பாருங்கள்.

மஞ்சப்பை வழி

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை, நாட்டு மருந்து எதையும் விடவேண்டாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றலாம், கிட்னியையும் பாதிக்கலாம்.

பையை மேஜையில் வைத்துவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

• ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு?
• ஒரு வேளை விட்டுப்போனால் என்ன செய்வது? (நீங்களாக இரண்டு மடங்காகப் போட வேண்டாம்.)
• விரத நாளில் என்ன செய்வது? கிளிமெபிரைடு போன்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.
• மூணு வேளையை ஒரு வேளையாக, இரண்டு வேளையாகக் குறைக்க முடியுமா?

செலவுதான் தடையா?

அதையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர், பிரஷர் மாத்திரைகள் இலவசம். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் தருகிறார்கள். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகங்களில் ஜெனரிக் மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

இன்னைக்கு ராத்திரி போன் பண்ணும்போது, "மாத்திரை போட்டாச்சா?" என்பதோடு நிறுத்தாதீங்க. "அந்த மாத்திரை போட்டா உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்றும் கேட்டுப் பாருங்க. உண்மையான பதில் அப்போதுதான் வரும்.