வெள்ளைக் காகிதத்தில் விடுபட்ட உயிரணுக்கள்

உயிரியல் நோட்டுப் புத்தகத்தில் நரம்பணுவை வரையும் மாணவர், கிளைகிளையாய்ப் பிரியும் அதன் முனைகளையும், நீண்டோடும் ஆக்சான் என்னும் இழையையும், அது அடுத்த நரம்பணுவை நெருங்கி நிற்கும் சந்திப்பையும் சிரத்தையோடு தீட்டிவிட்டு, சுற்றிலுமுள்ள இடத்தை வெள்ளைக் காகிதமாகவே விட்டுவிடுகிறார். மெய்யான மூளையில் அத்தகைய வெற்றிடம் கிடையாது. அங்கே வேறொரு வம்சத்து உயிரணுக்கள் அடர்ந்து கிடக்கின்றன. கிளியா என்பது அவற்றின் பொதுப்பெயர். 2009-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட கணக்கின்படி, மனித மூளையில் நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி. நரம்பணு அல்லாதவை ஏறக்குறைய 8,500 கோடி. பின்னவற்றில் பெரும்பாலானவை கிளியாக்களே.

இத்தனை பெருந்தொகையினவாகிய இவற்றுக்கு விஞ்ஞானம் நெடுநாள் உரிய ஸ்தானம் அளிக்கவில்லை. 1856-இல் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ஷோ, நரம்பணுக்களைப் பிணைத்து நிறுத்தும் ஒருவகைச் சாந்து என இவற்றைக் கருதி, கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே நாமகரணம் செய்தார். பெயரே அபிப்பிராயமாக நிலைத்தது. நரம்பணுவின் மின்துடிப்பைப் பதிவு செய்வதற்கெனப் பிற்காலத்தில் தோன்றிய நுண்ணிய மின்முனைகளும், அத்தகைய துடிப்பை எழுப்பாத கிளியாக்களிடத்தில் மௌனத்தையே கேட்டமையால், அந்த அபிப்பிராயம் மேலும் உறுதிப்பட்டது.

ஆயினும், இரு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸ் என்னும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அங்குள்ள இடைவெளி. மின்துடிப்பு வந்து சேர்ந்ததும் முதல் நரம்பணு குளுட்டமேட் என்னும் ரசாயனத்தை அந்த இடைவெளியில் சொரிய, மறுகரையிலுள்ள நரம்பணு அதனை ஏற்றுக் கிளர்ச்சியுறுகிறது. அவ்விடத்தைப் பல சமயங்களில் விரல்போல் அணைத்து நிற்பது, நட்சத்திர வடிவம் கொண்ட ஆஸ்ட்ரோசைட் என்னும் கிளியாவின் மெல்லிய இழை. அது எஞ்சிய குளுட்டமேட்டை விரைந்து உறிஞ்சி, குளுட்டமைனாக மாற்றி, நரம்பணுவின் மறுபயனுக்கெனத் திருப்பி அளிக்கிறது. இந்தக் கைங்கரியம் தடைப்படுமாயின், ஓயாத கிளர்ச்சியினாலேயே நரம்பணுக்கள் மாண்டுபோகும். மனித மூளையின் ஒரே ஆஸ்ட்ரோசைட் 20 லட்சம் சினாப்ஸ்கள் வரை தன் எல்லைக்குள் கொண்டிருக்கக்கூடும் என மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இவை துப்புரவுப் பணியோடு நின்றுவிடுவதில்லை என்பது 1990-இல் தெளிவாயிற்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆன் கார்னெல்-பெல்லும் அவர்தம் சகாக்களும், எலி மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலிருந்து எடுத்து வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகளில், கால்சியம் மிகுந்தால் ஒளிரும் சாயத்தை ஏற்றி, அவற்றின்மீது குளுட்டமேட்டைச் செலுத்தினர். ஓர் உயிரணுவில் கால்சியம் பொங்கியது. அது பக்கத்து உயிரணுவுக்கும், அதிலிருந்து அதற்கப்பாலுள்ளதற்கும் அலையலையாய்ப் பரவிச் சென்றது. மின்முனைக்கு ஊமையாகத் தோன்றியவை ரசாயன பாஷையில் பேசிக்கொண்டிருந்தன. நரம்பணுவின் செய்தியைக் கேட்கும் ஆஸ்ட்ரோசைட் தானும் குளுட்டமேட்டை வெளியிட்டு நரம்பணுவுக்கு மறுமொழி கூறக்கூடும் என்று 1994-இல் வெளிவந்த சோதனைகள் காட்டியதன் பயனாக, சினாப்ஸ் என்பது இருவர் சந்திப்பன்று, மூவர் கூடும் சபை என்ற கருத்து 1999-இல் உருப்பெற்றது. உயிருள்ள மூளைக்குள் அந்த மறுமொழி எந்த அளவுக்கு, எம்முறையில் நிகழ்கிறது என்பது பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை.

வாதத்துக்கு இடமின்றித் துலங்கியது வேறொன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பென் பாரெஸின் ஆராய்ச்சிக்கூடத்தார், எலியின் விழித்திரை நரம்பணுக்களைக் கிளியாவின் கலப்பே இல்லாமல் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்தனர். உணவும் ஊட்டமும் குறைவறப் பெற்றும், அவை தமக்குள் பேச மாட்டாதனவாய் ஏறக்குறைய வாளாவிருந்தன. கிளியாக்களைச் சேர்த்து வளர்த்தபோதோ உரையாடல் பன்மடங்கு பெருகிற்று. சினாப்ஸ்களின் எண்ணிக்கை ஏழு மடங்கு உயர்ந்ததென்று 2001-இல் அவர்கள் அறிவித்தனர். கூட்டத்தைக் கூட்டுவது ஒருவகைக் கிளியா என்றால், வேண்டாதவற்றைக் களைவது மைக்ரோகிளியா என்னும் மற்றொரு வகை; வளரும் மூளையில் பயனற்ற சினாப்ஸ்களை அது விழுங்கி அகற்றுகிறது. ஆக்சானுக்கு மயலின் என்னும் உறையைச் சுற்றிச் செய்தியின் வேகத்தைப் பெருக்குவதும் கிளியாவின் தொழிலே.

ஆக, சினாப்ஸ் தோன்றுவதும், துலக்கமாய் இயங்குவதும், தேவை தீர்ந்தபின் மறைவதும் கிளியாவின் துணையோடு நிகழ்பவை. வலிப்பு, பக்கவாதம், அல்சைமர் முதலிய நோய்களை ஆராய்வோர் நரம்பணுவை மாத்திரம் நோக்குவது, ஊரின் வழக்கை அறிய ஒரு தெருவாரை மட்டும் விசாரிப்பதற்கு ஒப்பாகும். பாடநூல் எழுதுவோரும் கற்பிப்போரும் இதனை மனத்திற்கொண்டு, நரம்பணுவின் படத்தருகே அதனை அணைத்து நிற்கும் ஆஸ்ட்ரோசைட்டையும் வரைந்து காட்டுவார்களாக. அந்த வெள்ளைக் காகிதம் இனியும் வெறுமையாக இருத்தலாகாது.