கட்டடத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது?

“படத்தை எதில் போடப் போகிறீர்கள்?” 1980களில் நியூயார்க்கிலோ லண்டனிலோ ஒரு ஸ்டாக் போட்டோ ஏஜென்சியைக் கூப்பிட்டால், இதைக் கேட்காமல் விலை சொல்ல மாட்டார்கள். பாடப்புத்தகத்தில் கால் பக்கமா, பத்திரிகை அட்டையா, சோப்பு விளம்பரமா? எந்த நாட்டில், எத்தனை பிரதி, எத்தனை மாதம்? எல்லாம் தெரிந்த பிறகுதான் ஸ்லைடு கூரியரில் ஏறும். ‘ரைட்ஸ் மேனேஜ்டு’ என்ற அந்த முறையில் ஒரே படம் பத்துப் பேருக்குப் பத்து விலையில் போகும்.

கட்டடத்தின் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கும் ‘ப்ராபர்ட்டி ரிலீஸ்’ அன்றும் இருந்தது. ஆனால் அதைப் பெரும்பாலும் தேவை வரும்போது தேடிக்கொள்ளலாம். பாடப்புத்தகமா, பேசாமல் கொடுத்துவிடலாம். விளம்பரமா, சற்றுப் பொறுங்கள், முதலில் உரிமையாளரைக் கேட்போம். இந்தத் தரம்பிரிப்பைச் செய்ய ஏஜென்சியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

இன்று அந்த நாற்காலி காலி. 2000இல் கனடாவின் கால்கரியில் ஐஸ்டாக்போட்டோவும், 2003இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப் படத்தளங்களாகத் தொடங்கின. இவை விற்பது ‘ராயல்டி ஃப்ரீ’ உரிமம். ஒருமுறை பணம் கட்டியவர், ஒப்பந்த எல்லைக்குள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்; எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பழைய பாணிப் பெரிய நிறுவனமான கெட்டி இமேஜஸே 2006இல் ஐஸ்டாக்கை 5 கோடி டாலருக்கு வாங்கியது. விளம்பரத்துக்கு உதவும் படங்களில் ரைட்ஸ் மேனேஜ்டு முறையைக் கைவிடப் போவதாக 2019இல் அறிவித்தது.

வாங்குபவர் யார், எதற்கு வாங்குகிறார் என்று தெரியாதபோது, ஆக வில்லங்கமான பயன்பாட்டை மனதில் வைத்துத்தான் காகிதம் கேட்க முடியும். அதனால் விற்கும் நேரத்தில் எழுந்த கேள்வி படத்தை ஏற்றும் நேரத்துக்கு முன்னேறிவிட்டது. பதில் சொல்லும் பொறுப்பும் ஏஜென்சியிடமிருந்து புகைப்படக்காரரின் தலைக்கு வந்துவிட்டது. வழக்கு வந்தால் நஷ்டம் உன்னுடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறார்கள்.

சட்டம் இறுகியதால்தான் இதெல்லாம் என்று நினைக்கத் தோன்றும். பிரான்சில் நடந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. நார்மண்டியில் பெனூவில் என்ற ஊரில் கோந்த்ரே கஃபே இருக்கிறது. 1944 ஜூன் 6ஆம் தேதி, நள்ளிரவு தாண்டியதும் நேசப்படையினர் வந்திறங்கியபோது பிரான்சில் முதலில் விடுபட்ட வீடு என்று பெயர் பெற்றது. அதன் படத்தை அஞ்சலட்டையாக விற்றவர்கள்மீது உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். வீடு என்னுடையது என்றால் அதன் தோற்றத்தில் வரும் காசும் என்னுடையது என்பதுதான் வாதம். 1999 மார்ச்சில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அஞ்சலட்டைக்காரர்களுக்கும் பட ஏஜென்சிகளுக்கும் வயிற்றில் புளி கரைந்தது. சாலையோரத்து வீடு ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டே!

ஐந்தே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் திரும்பிக்கொண்டது. ரூவான் நகரத்தின் ஜிராங்கூர் மாளிகையின் முகப்பை ஒரு கட்டுமான நிறுவனம் தன் விளம்பரக் கையேட்டில் கேட்காமல் போட்டிருந்தது. சொத்தின் உருவத்தின்மீது உரிமையாளருக்குத் தனியுரிமை கிடையாது, அவருக்கு அசாதாரணமான தொல்லை நேர்ந்தால் மட்டுமே தடுக்கலாம் என்று 2004 மே மாதம் தீர்ப்பு வந்தது. வழக்கில் இருந்தது விளம்பரம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குப் பிறகு ப்ராபர்ட்டி ரிலீஸ் படிவங்கள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. உரிமையாளர் வெளியேறிய இடத்தில் கட்டடக் கலைஞரின் பதிப்புரிமை நின்றது. பொது இடத்தில் நிற்கும் கட்டடத்தைப் படமெடுக்க 2016இல் பிரான்ஸ் ஒரு சலுகை கொடுத்தது. ஆனால் அது தனிநபர்களுக்கு, அதுவும் வணிக நோக்கம் இல்லாவிட்டால்தான். படம் விற்றுப் பிழைப்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. அதே ஆண்டு இன்னொரு சட்டம், ஷாம்போர் கோட்டை போன்ற தேசியச் சொத்துகளின் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த அவற்றின் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும் என்றது. பீர் விளம்பரத்தில் கோட்டையைப் போட்ட குரோனன்பூர் நிறுவனத்தோடு நிர்வாகம் ஏற்கெனவே பணம் கேட்டு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த ஈஃபில் கோபுர விவகாரமும் இதில் சேர்த்திதான். குஸ்தாவ் ஈஃபில் 1923இல் இறந்தார். எழுபது ஆண்டு கழிந்து பதிப்புரிமை தீர்ந்தது. பகல் படத்துக்குத் தடையில்லை. 1985 டிசம்பர் 31 அன்று பியேர் பிதோ கோபுரத்தின் உள்ளேயே சோடியம் விளக்குகளைப் பொருத்தி ஏற்றினார். இரவு ஒளியமைப்பு ஒரு தனிப் படைப்பு, தொழில்முறைப் பயன்பாட்டுக்கு அனுமதி வேண்டும் என்கிறது கோபுர நிர்வாகம். சாயங்காலம் வரை பொதுச்சொத்து, ஸ்விட்சைத் தட்டியதும் தனிச்சொத்து.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமானது. பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடத்தைப் படமெடுப்பதும் விற்பதும் பதிப்புரிமை மீறலாகாது. உடனே டிரேட்மார்க் வந்தது. கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் அருங்காட்சியகம், தன் கட்டடத்தை போஸ்டராக்கி விற்ற புகைப்படக்காரர்மீது அந்த வழியில் போனது. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிரான தடையை நீக்கியது. நம் நாட்டில் மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஓட்டல் 2017இல் தன் தோற்றத்துக்கு டிரேட்மார்க் பதிவு வாங்கியது. இந்தியாவில் அப்படிப் பதிவான முதல் கட்டடம் அது.

ஆகவே ஏஜென்சிகளைத் திட்டிப் பயனில்லை. சில டாலர் வரும்படிக்காக வக்கீல் வைத்து வாதாட யாரும் தயாரில்லை. அதனால் எந்தெந்தக் கட்டடத்தை விளம்பரத்துக்கு விற்கக்கூடாது என்று தாங்களே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். சட்டம் அனுமதிப்பதை விடப் பட்டியல் அனுமதிப்பது குறைவு.

படமெடுக்கும் கையும் இதற்கேற்பப் பழகிவிட்டது. ஒற்றைக் கட்டடத்தை நேராக நிறுத்தி எடுக்காமல், நாலைந்து கட்டடம் சேர்ந்த வானவரம்பாக எடுக்கிறார்கள். கூட்டத்தில் ஒன்றாக நின்றால் பெரும்பாலும் ரிலீஸ் கேட்பதில்லை. பெயர்ப்பலகையையும் லோகோவையும் போட்டோஷாப்பில் துடைக்கிறார்கள். துடைக்கத் துடைக்க, சென்னையும் சிங்கப்பூரும் ஒன்றுபோல் ஆகிவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 52ஆவது பிரிவில், கட்டடத்தின் புகைப்படத்தை எடுப்பதையும் வெளியிடுவதையும் மீறலாகக் கருதாது. அண்ணாசாலையில் நின்று எல்ஐசி கட்டடத்தை எடுப்பவருக்கு இங்கே பதிப்புரிமைத் தொல்லை இல்லை. அந்தப் படத்தை வெளிநாட்டு ஏஜென்சிக்கு ஏற்றும்போது, ரிலீஸ் எங்கே என்று கேட்டால் அவர் யாரிடம் போவார்? வாசல் செக்யூரிட்டியின் கையெழுத்து செல்லாது. மேலே போனால் கோப்பு நகராது. ‘எடிட்டோரியல் மட்டும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுவார். செய்திக்கும் கட்டுரைக்கும் போகலாம், விளம்பரத்துக்குக் கிடையாது. காசு அதிகம் இருப்பது விளம்பரத்தில்தான்.